யங்ஸ்டவுனிலிருந்து ஒரு கேள்வி: அமெரிக்காவைப் பிளந்தது பணமா, வேறு ஏதாவதா?

மகோனிங்கரை
11 ஜனவரி 2026, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். ஒஹாயோவின் வடகிழக்கு மூலையில், யங்ஸ்டவுனுக்குப் பக்கத்தில் ஒன்பது வருஷமாகக் குடியிருக்கிறேன். போன மாதம் குடியுரிமை கிடைத்தது. கட்சி வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்க மே மாதம் நடக்கும் முதற்கட்டத் தேர்தல்தான் நான் ஓட்டுப் போடப்போகும் முதல் தேர்தல். அதனாலேயே சில நாளாக மனசில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுமையாகப் படியுங்கள்.

இது ஒரு காலத்தில் இரும்பு ஊர். 1930 கணக்கெடுப்பில் 1,70,000 பேர். 2020இல் 60,000 சொச்சம். 1977 செப்டம்பர் 19, திங்கட்கிழமை காலை, யங்ஸ்டவுன் ஷீட் அண்ட் டியூப் கம்பெனி தன் கேம்பல் ஆலையை மூடப்போவதாக அறிவித்தது. 5,000 பேருக்கு வேலை போனது. அந்த நாளை இங்கே இன்னமும் ‘கறுப்புத் திங்கள்’ என்றுதான் சொல்கிறார்கள். அடுத்த சில வருஷங்களில் மற்ற ஆலைகளும் ஒவ்வொன்றாக மூடின. சர்ச்சுக்காரர்களும் தொழிலாளர்களும் சேர்ந்து, ஆலையைத் தாங்களே வாங்கி நடத்தப் பார்த்தார்கள். கடனுக்கு வாஷிங்டன் ஜாமீன் நிற்க வேண்டும் என்று கேட்டார்கள். 1979இல் கார்ட்டர் அரசு மறுத்துவிட்டது. கார்ட்டர் ஜனநாயகக் கட்சிக்காரர், இந்த மாவட்டம் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஆள்.

அப்படியும் எங்கள் மகோனிங் மாவட்டம் அந்தக் கட்சியை விடவில்லை. 1972இல் நிக்சனுக்குப் போட்டதோடு சரி, அதன்பின் 2016 வரை ஒவ்வொரு ஜனாதிபதித் தேர்தலிலும் இங்கே ஜனநாயகக் கட்சிதான். 2012இல் ஒபாமாவுக்கு 60 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. 2016இல் அந்த முன்னிலை மூன்று சதவீத அளவுக்குச் சுருங்கியது. 2020இல் மாவட்டம் டிரம்ப் பக்கம் சாய்ந்தது, 2024இல் இன்னும் அதிகமாக.

என் பக்கத்து வீட்டுப் பெரியவர் அந்த மாற்றத்தில் ஒருவர். ஆலை மூடியபோது அவருக்கு 22 வயது. அன்றைக்குக் கொண்டுபோன சாப்பாட்டு டப்பா, ஒரு மூலை நசுங்கியபடி, இன்னமும் கராஜில் ஆணியில் தொங்குகிறது. ஒபாமாவுக்கு இரண்டு முறை, டிரம்புக்கு மூன்று முறை ஓட்டுப் போட்டவர். பனி கொட்டினால் என் வாசலையும் சேர்த்து அள்ளிவிட்டுப் போகிற மனுஷர். 2017இல் டிரம்ப் யங்ஸ்டவுனுக்கு வந்து, வேலைகள் எல்லாம் திரும்பி வருகின்றன, வீட்டை விற்காதீர்கள் என்று சொன்ன கூட்டத்துக்குப் போயிருந்தார். 2019 மார்ச்சில் பக்கத்து லார்ட்ஸ்டவுனில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை கார் தயாரிப்பை நிறுத்தியது. அதற்கும் பிறகு டிரம்புக்கே போட்டார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். “பொய்யோ நிஜமோ, வந்து சொன்னது அவர் ஒருத்தர்தான்” என்றார்.

அதே 2019 ஆகஸ்ட் 31ஆம் தேதி ஊர்ப் பத்திரிகை ‘விண்டிகேட்டர்’ 150 வருஷத்தோடு மூடியது. பக்கத்து ஊர்ப் பத்திரிகை பெயரை வாங்கி ஒரு பதிப்பு போடுகிறது. பெரியவர் வாங்குவதை அதோடு நிறுத்திவிட்டார். அவரோடு ஒரே ஷிப்டில் நின்ற ஒரு நண்பர் இறந்துபோனது அவருக்கு நாலு வாரம் கழித்து, மளிகைக் கடையில் யாரோ சொல்லித்தான் தெரிந்தது. முன்பெல்லாம் காலைக் காபியோடு முதலில் பார்ப்பது இரங்கல் பக்கத்தைத்தானாம். இப்போது காலையில் எடுப்பது போனை. அதில் பக்கத்துத் தெரு சாவு வருவதில்லை, 2,000 மைல் தள்ளி எங்கோ நடந்த சண்டை வருகிறது.

என் கேள்வி இதுதான். இந்தப் பிளவு, பணம் மேலேயே குவிந்ததால் வந்ததா? அல்லது இனம், மதம், படிப்பு என்று வேறு வேர் இருக்கிறதா? இங்கே பல மாநிலங்களில் இருக்கிறீர்கள். கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள்.

பெட்ரோல்பங்க்காரர்
11 ஜனவரி 2026, இரவு 11:15

அருமையாக எழுதியிருக்கிறீர்கள் சார். நான் டாலஸ் பக்கம், இரண்டு பங்க் வைத்திருக்கிறேன். பெரும்பாலும் குடியரசுக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவன். இந்தக் குழுவில் அப்படிப்பட்டவர்கள் குறைவு என்று தெரியும், மரியாதையோடு பேசுவீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

பணம்தான் காரணம் என்பதை நான் ஏற்கவில்லை. மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், 2009இலிருந்து மாறவில்லை, டெக்சாஸிலும் அதேதான். ஆனால் அந்தக் கூலிக்கு என் கடை வாசலைக்கூட யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். 15 டாலர் கொடுக்கிறேன். கொரோனாவுக்குப் பிறகு கீழ்மட்டக் கூலிதான் வேகமாக ஏறியது. ஏறியதைத் தின்றது விலைவாசி. 2022 ஜூனில் பணவீக்கம் 9.1 சதவீதம். முட்டை, வாடகை, இன்சூரன்ஸ் என்று எங்கள் வாடிக்கையாளர்கள் கவுண்டரில் நின்று புலம்பியதைக் கேட்டவன் நான். அந்தச் சமயத்தில் டிவியில் படித்தவர்கள் வந்து ‘பொருளாதாரம் நன்றாக இருக்கிறது’ என்றார்கள். அவமானப்படுத்தப்பட்ட மாதிரி இருந்தது ஜனங்களுக்கு.

எங்கள் மாநிலத்தில் மெக்சிகோ எல்லையில் இருக்கும் ஸ்டார் மாவட்டத்தைப் பாருங்கள். கிட்டத்தட்ட முழுக்க லத்தீன் அமெரிக்க வழிவந்த ஹிஸ்பானிக் மக்கள், ஏழை மாவட்டம். நூறு வருஷத்துக்கு மேல் ஜனநாயகக் கட்சிக்கே போட்ட ஊர், 2024இல் டிரம்புக்குப் போட்டது. பணக்காரர்கள் மேல் கோபம் என்றால் அந்த ஓட்டு ஏன் ஒரு பணக்காரருக்கு விழ வேண்டும்? உங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னதில்தான் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ‘வந்து சொன்னது அவர் ஒருத்தர்தான்.’ மரியாதை சார், மரியாதை.

கணக்குப்பிள்ளை
12 ஜனவரி 2026, காலை 7:05

நியூ ஜெர்சியில் 17 வருஷமாக வரிக்கணக்கு போட்டுக்கொடுக்கிறேன். மரியாதை விஷயத்தில் பங்க்காரர் சொல்வது சரி. ஆனால் பணத்தை அவ்வளவு லேசாகத் தள்ளிவிட முடியாது. இந்த நாட்டின் சொத்தில் சுமார் 30 சதவீதம் மேலே உள்ள ஒரு சதவீதக் குடும்பங்களிடம் இருக்கிறது. கீழ்ப்பாதிக் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து வைத்திருப்பது ஏறக்குறைய இரண்டரை சதவீதம். இது மத்திய ரிசர்வ் வங்கியே மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடும் கணக்கு.

எப்படிக் குவிகிறது என்பதை என் மேஜையில் இருந்து சொல்கிறேன். என்னிடம் வரும் ஒரு நர்ஸ், முதல் டாலரில் இருந்தே சோஷியல் செக்யூரிட்டி என்ற ஓய்வூதியத் திட்டத்துக்கு 6.2 சதவீதம், மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கு 1.45 சதவீதம் கட்டுகிறார். வருமான வரி தனி. சோஷியல் செக்யூரிட்டி பிடித்தம் இந்த வருஷம் 1,84,500 டாலர் சம்பளத்தோடு நின்றுவிடும். வருஷத்துக்கு ஒரு கோடி டாலர் சம்பளம் வாங்குகிறவருக்கு நாள் கணக்கில் பிரித்துப் பார்த்தால் ஜனவரி 7ஆம் தேதியோடு அது முடிந்துபோகிறது. நர்ஸ் டிசம்பர் 31 வரை கட்டுகிறார்.

அதுகூட சம்பளக்காரர்கள் கதை. பெரிய சொத்துக்காரர்கள் சம்பளமே வாங்குவதில்லை. 10 லட்சம் டாலருக்கு வாங்கிய பங்கு பத்துக் கோடி ஆகிவிட்டது என்று வையுங்கள். விற்றால்தான் வரி. அதனால் விற்காமல், அதை அடகு காட்டி வங்கியில் கடன் வாங்கிச் செலவு செய்வார்கள். கடன் வருமானம் ஆகாது, வரி இல்லை. அவர் இறந்த அன்று அந்தப் பங்கின் வாங்கிய விலை சட்டப்படி அன்றைய சந்தை விலையாக மாறிவிடும். பிள்ளைகள் மறுநாள் விற்றாலும், நடுவில் ஏறிய 9 கோடி 90 லட்சத்துக்கு வருமான வரி ஒரு காசு கிடையாது. வாரிசு சொத்து வரி என்று ஒன்று இருக்கிறது, அதிலும் இந்த வருஷம் ஒருவருக்கு ஒன்றரைக் கோடி டாலர் வரை விலக்கு. மேலே உள்ளதைக் குறைக்க டிரஸ்ட் போட்டுக்கொடுக்கத் தனி வக்கீல்கள் இருக்கிறார்கள். இதில் எதுவும் களவு இல்லை. எல்லாம் சட்டம். எனக்கு வயிறு எரிவதே அதனால்தான்.

1950களில், ஐசனோவர் ஜனாதிபதியாக இருந்த குடியரசுக் கட்சி ஆட்சியில்தான், வருமான வரியின் உச்ச விகிதம் 91 சதவீதம். முழுசாகக் கட்டியவர்கள் ரொம்பக் கொஞ்சம், விலக்குகள் நிறைய இருந்தன என்பதும் உண்மை. இன்று அது 37. கம்பெனி வரி 2017 சட்டத்தில் 35இல் இருந்து 21க்கு இறங்கியது. போன ஜூலை 4ஆம் தேதி கையெழுத்தான சட்டம் இந்தச் சலுகைகளில் பலவற்றை நிரந்தரமாக்கி, ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடான மெடிகெய்டில் கை வைத்தது. 2034க்குள் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் கூடுதலாக மருத்துவக் காப்பீடு இல்லாமல் போவார்கள் என்று இங்கத்திய நாடாளுமன்றமான காங்கிரஸின் சொந்தக் கணக்கு அலுவலகமே மதிப்பிட்டது. அதில் யங்ஸ்டவுன்காரர்களும் இருப்பார்கள், ஸ்டார் மாவட்டத்துக்காரர்களும் இருப்பார்கள்.

மதுரைமல்லி
12 ஜனவரி 2026, காலை 8:30

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பி குடும்பம் கொலம்பஸில் இருக்கிறது, அதனால் இந்த இழையை விடாமல் படிக்கிறேன். ஒரு அடிப்படைச் சந்தேகம். இவ்வளவு பேர் காப்பீட்டை இழக்கிற சட்டத்துக்குக் கை தூக்கிவிட்டு, அந்த எம்பிக்கள் மறுபடி தொகுதிக்குப் போய் எப்படி ஓட்டுக் கேட்கிறார்கள்? தோற்றுவிடுவோம் என்ற பயம் இருக்காதா?

கொலம்பஸ்வாசி
12 ஜனவரி 2026, காலை 10:50

நல்ல கேள்வி அக்கா. பயம் இல்லை. ஏன் இல்லை என்பதற்கு எங்கள் ஒஹாயோவை விடச் சரியான உதாரணம் கிடையாது.

இங்கே தொகுதி எல்லையைப் பெரும்பாலான மாநிலங்களில் அரசியல்வாதிகளே வரைகிறார்கள். நம் ஊரில் இருப்பது போலத் தனியான எல்லை வரையறை ஆணையம் எல்லா மாநிலத்துக்கும் கிடையாது. எதிர்க்கட்சி ஓட்டுகளை ஒன்றிரண்டு தொகுதிகளில் திணித்துவிட்டு, மிச்சத்தைப் பல தொகுதிகளில் கரைத்துவிடுவார்கள். 1812இல் மாசசூசெட்ஸ் கவர்னர் ஜெர்ரி கையெழுத்துப் போட்ட ஒரு தொகுதி சாலமாண்டர் என்ற பல்லி மாதிரிப் பிராணியின் வடிவத்தில் இருந்ததால் அவர் பெயரிலேயே ஜெர்ரிமாண்டரிங் என்று ஆனது. ஒஹாயோவில் 2024இல் டிரம்புக்கு விழுந்தது 55 சதவீதம். 15 எம்பி இடங்களில் குடியரசுக் கட்சிக்கு 10. இந்த வருஷத் தேர்தலுக்கான புது வரைபடம் அதையும் கூட்டும் விதமாகத்தான் வரையப்பட்டிருக்கிறது.

மக்கள் சும்மா இருக்கவில்லை. 2015இலும் 2018இலும் இதை நிறுத்த அரசியல் சட்டத் திருத்தம் கொண்டுவந்து, இரண்டு முறையும் 70 சதவீதத்துக்கு மேல் ஆதரவாக ஓட்டுப் போட்டோம். இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து போட்ட ஓட்டு அது. 2022இல் வந்த வரைபடங்களை மாநில உச்ச நீதிமன்றம் ஏழு முறை தள்ளுபடி செய்தது. அதில் தன் கட்சியை எதிர்த்து நின்றவர் தலைமை நீதிபதி மோரீன் ஓ’கானர், குடியரசுக் கட்சிக்காரர். என்ன நடந்தது? தள்ளுபடியான வரைபடத்திலேயே தேர்தல் நடந்தது.

ஓ’கானர் ஓய்வு பெற்ற பிறகு, அரசியல்வாதிகளே இல்லாத குடிமக்கள் ஆணையம் வேண்டும் என்று 2024இல் ஒரு திருத்தத்தை முன்னெடுத்தார். நான் அந்த மனுவுக்கு மூன்று சனிக்கிழமை நின்று கையெழுத்து வாங்கினேன். ஆனால் வாக்குச்சீட்டில் அச்சடிக்கும் வாசகத்தை முடிவு செய்வது மாநில வாக்குச்சீட்டு வாரியம். அவர்கள் எழுதிய வாசகத்தில், இந்த ஆணையம் ஜெர்ரிமாண்டரிங் செய்யக் கட்டாயப்படுத்தப்படும் என்று இருந்தது. ஒழிக்க வந்த திருத்தத்தை, அதைச் செய்ய வந்தது போல எழுதிவிட்டார்கள். மாநில உச்ச நீதிமன்றம் 4க்கு 3 என்று அதை அனுமதித்தது. திருத்தம் தோற்றது. ஓட்டுப் போட்டுவிட்டு வந்த என் சக ஊழியர் ஒருவர் என்னைப் பார்த்து மலர்ந்த முகத்தோடு, “ஜெர்ரிமாண்டரிங் வேண்டாம் என்று போட்டுவிட்டேன், உனக்குச் சந்தோஷம்தானே?” என்றார். எந்தப் பக்கம் போட்டார் என்று கேட்டேன். ‘இல்லை’ என்பதில். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பெட்ரோல்பங்க்காரர்
12 ஜனவரி 2026, மதியம் 1:20

அந்த வாசகம் தப்பு, பூசி மெழுக வேண்டியதில்லை. ஆனால் இரண்டு பக்கமும் செய்கிறார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். போன ஆகஸ்டில் எங்கள் டெக்சாஸில் ஐந்து இடம் கூடுதலாக வர வேண்டும் என்று வரைபடத்தை மாற்றினார்கள். நடுவில், பத்து வருஷக் கணக்கெடுப்புக்குக்கூடக் காத்திராமல். உடனே கலிஃபோர்னியா நவம்பரில் மக்கள் ஓட்டுக்கு விட்டு, அங்கே இருந்த சுதந்திர ஆணையத்தின் வரைபடத்தை ஓரம்கட்டிவிட்டு, பதிலுக்கு ஐந்து இடம் குறிவைத்தது. இல்லினாய்ஸ் வரைபடத்தைப் பாருங்கள், பாம்பு மாதிரி நெளிகிறது.

கொலம்பஸ்வாசி
12 ஜனவரி 2026, மதியம் 2:05

ஒத்துக்கொள்கிறேன் சார். 2019இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று, கட்சி லாபத்துக்காக எல்லை வரைவதை மத்திய நீதிமன்றங்கள் விசாரிக்க முடியாது என்று கைவிரித்தபோதே இந்தப் போட்டி வரும் என்று தெரிந்துவிட்டது. ஒருவர் ஆயுதத்தைக் கீழே வைத்தால் மற்றவர் அடிப்பார் என்ற நிலை.

இதில் எனக்கு ஆறுதல் தந்தது இந்தியானா. அங்கே செனட்டில் 50இல் 40 பேர் குடியரசுக் கட்சி. கட்சிக்குச் சாதகமாக வரைபடத்தை மாற்றச் சொல்லி வெள்ளை மாளிகையே நேரடியாக நெருக்கியது, உறுப்பினர்கள் வீடுகளுக்கு மிரட்டல் வந்தது. போன டிசம்பர் 11ஆம் தேதி 31க்கு 19 என்று வரைபடத்தை நிராகரித்தார்கள். எதிர்த்தவர்களில் 21 பேர் குடியரசுக் கட்சிக்காரர்கள்.

எல்லையும் பணமும் எப்படிச் சேர்கின்றன என்பதற்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒஹாயோ சபாநாயகராக இருந்த லாரி ஹவுஸ்ஹோல்டர், ஃபர்ஸ்ட் எனர்ஜி மின்சாரக் கம்பெனியிடம் இருந்து, யார் பணம் என்று வெளியே சொல்ல வேண்டாத ஒரு அமைப்பின் வழியாக, சுமார் ஆறு கோடி டாலர் வாங்கினார். கைமாறாக 2019இல் அந்தக் கம்பெனியின் அணு உலைகளைத் தூக்கிவிட 100 கோடி டாலருக்கு மேல் மக்களின் கரண்ட் பில்லில் ஏற்றும் சட்டம் வந்தது. 2020 ஜூலையில் கைதானார். அதே நவம்பரில் மறுபடி ஜெயித்தார்! அவரை எதிர்த்தவர் பெயர் ஒன்றுகூட வாக்குச்சீட்டில் அச்சாகவில்லை, கையால் எழுதிப்போட வேண்டிய வேட்பாளர்கள்தான் இருந்தார்கள். 2023இல் 20 வருஷம் தண்டனை கிடைத்தது. இல்லினாய்ஸில், பல வருஷம் சபாநாயகராக இருந்த மைக்கேல் மேடிகன், ஜனநாயகக் கட்சி. அங்கேயும் மின்சாரக் கம்பெனிதான். போன ஜூனில் ஏழரை வருஷம் தண்டனை. இரண்டு மாநிலம், இரண்டு கட்சி, ஒரே மாதிரி கதை. மதுரைமல்லி அக்கா, உங்கள் கேள்விக்குப் பதில் இதற்குள் இருக்கிறது. தோற்கும் பயம் போன இடத்தில் பணம்தான் உட்காரும்.

பீச்ட்ரீ
12 ஜனவரி 2026, இரவு 8:45

அட்லாண்டாவில் பள்ளி ஆசிரியை. பகல் முழுக்கப் படித்துக்கொண்டே இருந்தேன், எழுத இப்போதுதான் முடிந்தது.

ஒரு விஷயம் யாரும் தொடவில்லை. யங்ஸ்டவுன் ஆலையின் பொற்காலம் எல்லோருக்கும் பொற்காலமா? இரும்பு ஆலைகளில் கறுப்பினத் தொழிலாளிகளை பெரும்பாலும் நிலக்கரியைச் சுடும் கோக் சூளையிலும் உலை வாயிலும் நிறுத்தினார்கள். சூடும் புகையும் அதிகம், கூலி குறைவு. வேறு பிரிவுக்கு மாறினால் சீனியாரிட்டி போய்விடும். அதை உடைத்தது 1974இல் ஒன்பது இரும்புக் கம்பெனிகளும் யூனியனும் அரசும் நீதிமன்றத்தில் போட்ட ஒப்பந்தம். அந்த ஒன்பதில் யங்ஸ்டவுன் ஷீட் அண்ட் டியூப்பும் ஒன்று. 1974இல் கதவு திறந்தது. 1977இல் ஆலையே மூடியது. மூன்று வருஷம்! அந்த மூன்று வருஷத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

2022 கணக்கில், வரிசைப்படுத்தினால் சரியாக நடுவில் நிற்கும் வெள்ளைக் குடும்பத்தின் சொத்து 2,85,000 டாலர், கறுப்பினக் குடும்பத்தின் சொத்து 44,900. வீடு வாங்கக் கடன் மறுக்கப்பட்ட தாத்தா, வாடகையில் வளர்ந்த அப்பா, கல்லூரிக் கடனோடு தொடங்கும் பேரன் என்று தலைமுறை தலைமுறையாக வந்த வித்தியாசம் அது. 1965 வாக்குரிமைச் சட்டத்தின் முக்கியமான பிரிவு ஒன்றை 2013இல் உச்ச நீதிமன்றம் எடுத்துவிட்டது. அதற்கு முன் எங்கள் ஜார்ஜியா போன்ற மாநிலங்கள் தேர்தல் விதியை மாற்ற மத்திய அரசின் முன் அனுமதி வாங்க வேண்டும். இப்போது வேண்டாம். அதனால் ‘பணமா, இனமா’ என்று பிரித்துக் கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, மகோனிங்கரை. இரண்டும் ஒரே கயிற்றின் இரண்டு புரி.

இன்னொன்றும் சொல்கிறேன். போன அக்டோபர் 1இலிருந்து நவம்பர் 12 வரை, 43 நாள் அரசு அலுவலகங்கள் முடங்கின. உணவு உதவி வாங்கும் 4 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நவம்பரில் பணம் வருமா என்றே தெரியாத நிலை. நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து சனிக்கிழமைகளில் அரிசி, பருப்பு, டின் பீன்ஸ் பொட்டலம் கட்டிக் கொடுத்தோம். வரிசையில் ஒரு பெண், விமான நிலையப் பாதுகாப்புச் சோதனைச் சீருடையில். சம்பளம் இல்லாமல் வேலை பார்த்துவிட்டு ஷிப்ட் முடிந்து நேராக வந்திருக்கிறார். அவருக்கு முன்னால் நின்றவர் டிரம்ப் ஆதரவாளர்கள் போடும் சிவப்புத் தொப்பி போட்ட ஒரு வயசானவர். பொட்டலத்தைத் திறந்து பார்த்துவிட்டு, பருப்பை எப்படிச் சமைப்பது என்று அவர் அந்தப் பெண்ணிடம் கேட்டார். அந்தப் பெண்ணுக்கும் தெரியவில்லை. இருவருமாக என்னிடம் வந்தார்கள். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருக்க, நான் ஒரு அட்டையில் எழுதிக்கொடுத்தேன். ஊறவை, மூன்று பங்கு தண்ணீர், மஞ்சள், உப்பு. அவர்கள் இரண்டு பேரையும் பிரித்துவைக்க எவ்வளவு பணம் செலவாகிறது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

கணக்குப்பிள்ளை
12 ஜனவரி 2026, இரவு 9:30

எவ்வளவு என்றால், அக்கா, எலான் மஸ்க் ஒருவர் மட்டும் 2024 தேர்தலுக்கு 25 கோடி டாலருக்கு மேல் இறக்கினார். ஒஹாயோ செனட்டர் ஷெராட் பிரவுனைத் தோற்கடிக்க கிரிப்டோ கம்பெனிகளின் சூப்பர் பேக் (வரம்பில்லாமல் தேர்தல் பணம் திரட்டிச் செலவு செய்யும் அமைப்பு) சுமார் நாலு கோடி டாலர் கொட்டியது. அந்த விளம்பரங்களில் கிரிப்டோ என்ற சொல்லே வரவில்லை. ஜனநாயகக் கட்சிக்கும் கோடிக்கணக்கில் கொடுக்கும் பெரும் பணக்காரர்கள் இருக்கிறார்கள். 2010இல் உச்ச நீதிமன்றம் கம்பெனிகளும் யூனியன்களும் தேர்தலுக்கு வரம்பில்லாமல் செலவு செய்யலாம் என்று தீர்ப்பளித்ததில் திறந்த மடை இது. ஆனால் பணம் எப்போதும் ஜெயிப்பதும் இல்லை. போன ஏப்ரலில் விஸ்கான்சின் உச்ச நீதிமன்ற நீதிபதி தேர்தலில் மஸ்க் தரப்பு இரண்டு கோடி டாலர் அளவுக்குச் செலவு செய்தும் அவர்கள் ஆள் தோற்றார்.

பெட்ரோல்பங்க்காரர்
13 ஜனவரி 2026, காலை 6:50

பீச்ட்ரீ அக்கா, அந்த 1974 விஷயம் எனக்குத் தெரியாது. படித்துவிட்டு ராத்திரி முழுக்க யோசித்தேன்.

என் பக்கத்தில் இருந்து ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2021 ஜனவரி 6ஆம் தேதி டிரம்ப் ஆதரவாளர்கள் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்து கலவரம் செய்ததை நான் கடைக் கவுண்டரில் நின்று நேரலையில் பார்த்தேன். சுமார் 140 போலீஸ்காரர்கள் காயப்பட்டார்கள். தண்டனை பெற்றவர்கள், வழக்கில் இருந்தவர்கள் என்று ஏறக்குறைய 1,500 பேருக்கு டிரம்ப் போன வருஷம் பதவியேற்ற அன்றே மன்னிப்பு கொடுத்தார், போலீஸை அடித்தவர்களுக்கும் சேர்த்து. வரி விஷயத்தில், எல்லை விஷயத்தில் நான் என் கட்சியோடு இருக்கிறேன். இதில் என்னால் சமாதானம் சொல்ல முடியவில்லை, சொல்லவும் மாட்டேன். என் மகன் கேட்டான், பதில் இல்லை என்னிடம்.

மகோனிங்கரை
13 ஜனவரி 2026, இரவு 8:10

எல்லோருக்கும் நன்றி. பங்க்காரர் சார், இதை எழுத உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று புரிகிறது.

உங்கள் பதிவுகளை எல்லாம் படித்த பிறகு எனக்குத் தோன்றுவது: இந்த நாட்டில் ஒருவருக்கு ஒருவர் தேவைப்படாமல் போய்விட்டார்கள். ஆலை முதலாளிக்கு யங்ஸ்டவுன்காரன் தேவைப்பட்டான், அதனால் யூனியனோடு உட்கார்ந்து பேசினான். 1983இல் தொழிலாளர்களில் ஐந்தில் ஒருவர் யூனியனில் இருந்தார், இப்போது பத்தில் ஒருவர் அளவுக்குத்தான். எம்பிக்கு எதிர்க்கட்சிக்காரன் ஓட்டும் தேவைப்பட்டது, இப்போது எல்லையை வரைந்தால் போதும். அதனால்தான் பணம், இனம், மரியாதை மூன்றையும் என்னால் தனித்தனியாகப் பிரிக்க முடியவில்லை. தேவைப்படாத ஆளிடம் யாரும் மரியாதையாகப் பேசுவதில்லை. லார்ட்ஸ்டவுனில் இப்போது பேட்டரி ஆலை வந்திருக்கிறது, 2022 டிசம்பரில் அங்கே தொழிலாளர்கள் ஓட்டுப் போட்டு யூனியன் கொண்டுவந்தார்கள். பெரியவருக்கு அதைச் சொன்னேன். அவருக்குத் தெரியவே இல்லை. பன்னிரண்டு மைல் தூரம்.

கொலம்பஸ்வாசி
13 ஜனவரி 2026, இரவு 9:25

தேவைப்படும் இடம் ஒன்று இன்னமும் இருக்கிறது, மகோனிங்கரை. நான் நாலு வருஷமாகத் தேர்தல் நாளில் வாக்குச்சாவடியில் வேலை பார்க்கிறேன். ஒஹாயோ சட்டப்படி ஒரு சாவடியில் இருக்கும் ஊழியர்களில் பாதிக்கு மேல் ஒரே கட்சியாக இருக்கக் கூடாது. காலை ஐந்தரைக்கெல்லாம் போய் நிற்க வேண்டும், ஓட்டு ஆறரைக்கு ஆரம்பம், இரவு ஏழரை வரை. கடைசி ஆள் போட்ட பிறகு தாள்களை எண்ணி, பையில் போட்டு, சீல் வைத்து, சீல் எண்ணை இரண்டு கட்சி ஆட்களும் சத்தமாகப் படித்துக் கையெழுத்துப் போடுவோம். அப்புறம் அந்தப் பையை இரண்டு கட்சி ஆட்கள் சேர்ந்தே தேர்தல் அலுவலகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

2024 நவம்பரில் என்னோடு வந்தவர் ஓய்வு பெற்ற லாரி ஓட்டுநர், தீவிர டிரம்ப் ஆதரவாளர். பகல் முழுக்க அரசியல் பேசக் கூடாது என்பது விதி, நாங்கள் பேசவில்லை. காரில் பை பின்சீட்டில். பாதி வழியில் அவர், “2020இல் தேர்தலைத் திருடிவிட்டார்கள் என்று நானும் நம்பியவன்தான். அதைப் பார்க்கத்தான் இந்த வேலைக்கு வந்தேன்” என்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு சிக்னல் தாண்டி, “இந்தப் பையை யாரும் எப்படித் திருட முடியும் என்று எனக்குத் தெரியவில்லை” என்றார். அலுவலகத்தில் வரிசையாக இதே மாதிரி ஜோடி ஜோடியாகக் கார்கள் நின்றன.

மே மாதத்துக்கு ஆள் எடுப்பார்கள். உங்கள் மாவட்டத் தேர்தல் வாரியத்தில் மனு கொடுங்கள். ஒருநாள் பயிற்சி, கொஞ்சம் பணமும் தருவார்கள்.

மகோனிங்கரை
16 ஜனவரி 2026, இரவு 7:55

மனு கொடுத்துவிட்டேன். நேற்றுப் பனி அள்ளும்போது பெரியவரிடமும் சொன்னேன். பதினாலு மணி நேரம் நிற்க முழங்கால் தாங்காது என்றார். உட்கார்ந்தே பெயர் சரிபார்க்கும் வேலையும் இருக்கிறது என்றேன். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

இன்று காலை கதவைத் தட்டி, மனுத்தாள் இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டார். மத்தியானச் சாப்பாடு அங்கே தருவார்களா, கையில் கொண்டுபோக வேண்டுமா என்றும் கேட்டார். கொண்டுபோக வேண்டும், இல்லையா கொலம்பஸ்வாசி?

கொலம்பஸ்வாசி
16 ஜனவரி 2026, இரவு 8:02

ஆமாம், கொண்டுபோக வேண்டும். டப்பா பெரியதாக இருக்கட்டும், ராத்திரிக்கும் சேர்த்து.